பின்னால் நின்று கை காட்டுகிறவள்

மெர்ல் வருகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து ஹில்மாவுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்தக் கோடையில் அவள் கெட்டில் ஏரிப் பூங்காவின் முகாம் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. வாசலுக்கு அருகே அவளுடைய டிரெய்லரை, அந்தச் சக்கர வீட்டை, நிறுத்த ஓர் இடம், மின்சாரம், தண்ணீர், முதுகில் பூங்காவின் பெயர் போட்ட ஒரு பச்சைச் சட்டை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் காலையில் நெருப்புக் குழிகளில் சாம்பல் அள்ள வேண்டும், விறகுக் கட்டு விற்க வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் பாட்டு வைக்கிறவர்களிடம் போய் இருமிக் காட்ட வேண்டும். அறுபத்தாறு வயதில், கணவன் போன பிறகு, கோடை முழுவதும் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்று வந்தவள். மரங்களும் ஏரியும் தன் மனதை ஆற்றும் என்று பாதிரியார் சொல்லியிருந்தார். மனம் ஆறவில்லை. ஆனால் மெர்ல் டெவ்ரீஸும் அவன் மனைவி ஆர்டித்தும் ஜூலை இரண்டாம் வாரத்துக்கு நாற்பத்தொன்றாம் எண் இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒருவிதமாக நிம்மதி வந்தது. பசித்தவனுக்குச் சமையல் வாசனை வந்தது போன்ற நிம்மதி.

நாற்பத்தொன்று, முகாமின் கடைசி வளைவில், தண்ணீரை ஒட்டி இருந்தது. இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள். டிரெய்லரின் கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாக ஏரியில் சூரியன் எழுவதைப் பார்க்கலாம். இருபத்திரண்டு கோடைகளாக அந்த வாரத்தில் அங்கே தங்கியவர்கள் ஹில்மாவும் அவள் கணவர் எய்னோவும். பக்கத்து இடத்தில், நாற்பதில், மெர்லும் ஆர்டித்தும். பெரிய பாலத்துக்குத் தெற்கே, நகரப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். எய்னோ அதைச் சொல்லியே மெர்லைக் கிண்டல் செய்வார். "உங்க ஊர்ல மீனே கடையிலதானே பிடிப்பீங்க," என்பார். மெர்ல் பதிலுக்கு ஹில்மாவின் ஏலக்காய் ரொட்டியை இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொள்வான். ஆண்கள் படகில் போவார்கள். பெண்கள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்குப் போனபின் வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. மற்றபடி பேச்சே இருக்காது. முகாம் சிநேகிதம் அப்படித்தான். ஏரி இருந்தால் அதுவும் இருக்கும்.

இடம் பிடிப்பது ஜனவரியில். ஆறு மாதம் முன்பே, காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். எய்னோ காபியோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எட்டு அடித்ததும் அழுத்துவார். வெளியே இடுப்பளவு பனி இருக்கும். அந்த ஒரு நாள் காலையில் மட்டும் வீட்டில் கோடை வாசனை அடிக்கும். இந்த அழுத்தலில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. தேதி திறப்பதற்குக் காத்திருக்காமல், ஏற்கெனவே திறந்துவிட்ட முந்தின வாரத்திலிருந்து தொடங்கி, வேண்டிய வாரத்தையும் சேர்த்து நீளமாகப் பதிந்துகொள்வது. பிறகு சத்தமில்லாமல் முன்பக்க நாட்களை வெட்டிவிடுவது. செய்கிறவர்கள் செய்தார்கள். எய்னோ செய்யமாட்டார். "வரிசைல நிக்கிறவன் முதுகு வழியா ஏறிப் போறதுக்கு இது என்ன சினிமா டிக்கெட்டா," என்பார்.

எய்னோவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்த வருடம், கிறிஸ்துமஸ் வாழ்த்தில் ஹில்மா எழுதினாள். இந்தக் கோடைதான் கடைசியாக இருக்கும் என்று மருத்துவர் சொல்கிறார், அந்த ஜன்னலிலிருந்து ஒரு வாரம் ஏரியைப் பார்க்க வேண்டும் என்கிறார், நீங்களும் வந்துவிடுங்கள் என்று. ஜனவரியில் எட்டு அடித்ததும் எய்னோ அழுத்தினார். நாற்பத்தொன்று சிவப்பாக இருந்தது. அதற்குள் போய்விட்டிருந்தது.

யார் எடுத்தது என்று ஜூலையில்தான் தெரிந்தது. கழிப்பறைக் கட்டடத்துக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே கிடைத்த ஏழாம் எண்ணில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, ஒரு கையில் தடியும் மறு கையில் ஹில்மாவுமாக எய்னோ மெதுவாகக் கடைசி வளைவுக்கு நடந்து போனார். நாற்பத்தொன்றில் மெர்லின் டிரெய்லர் நின்றது. அவன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து சிரித்தான்.

"இந்தத் தடவை கம்ப்யூட்டர் விளையாட்டுல நான் ஜெயிச்சுட்டேன் எய்னோ."

எய்னோவும் சிரித்தார். அதுதான் ஹில்மாவுக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் கட்டிலில் படுத்தபடி பார்த்தது, டார்ச்சும் துண்டுமாகக் கழிப்பறைக்குப் போகிற மனிதர்களின் கால்களை. அக்டோபரில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை பெஞ்சுகளில் முகாம்காரர்களுக்காக ஆராதனை நடக்கும். ஹில்மா தவறாமல் போவாள், பாடுவாள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிப்பது போல என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வாள். கர்த்தருக்கும் அவளுக்கும் இடையே அப்படி ஓர் ஏற்பாடு. மற்றதெல்லாம் உம்முடைய சித்தம், இது ஒன்று மட்டும் என்னிடம் இருக்கட்டும். அவர் மறுப்பு எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. அவர் அவசரப்படுகிறவரும் இல்லை.

என்ன செய்யலாம் என்று அவள் ஜூன் முழுவதும் யோசித்தாள். சாம்பல் அள்ளும்போது யோசித்தாள், கொசு விரட்டும்போது யோசித்தாள். வெளியூர் விறகு கொண்டுவந்தால் பிடித்துக் கொடுக்கலாம். பூச்சி பரவும் என்று அதற்கு அபராதம் உண்டு. ஜெனரேட்டர் நேரம் தாண்டி ஓடினால் எழுதிக் கொடுக்கலாம். தின்பண்டத்தை மேஜையில் விட்டுவிட்டுத் தூங்கினால், கரடி வரும் என்று அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. பச்சைச் சட்டை போட்டவளுக்குச் சட்டத்துக்கா பஞ்சம். ஆனால் எல்லாமே சில்லறையாகத் தோன்றின. அவளுக்கு வேண்டியது அதல்ல. மெர்ல் ஒரு வாரம் ஏழாம் எண்ணில் படுத்துக் கால்களைப் பார்க்க வேண்டும்.

கேட்டது தானாக வந்து கையில் விழுந்தது.

மெர்ல் வரவேண்டிய நாளில் வரவில்லை. இரவு முழுக்க நாற்பத்தொன்று காலியாகக் கிடந்தது. மறுநாள் மதியம் மூன்று மணிக்குள் யாரும் வந்து சேராவிட்டால் இடம் போய்விடும். கம்ப்யூட்டரில் திறந்துவிடுவார்கள், பார்த்துக்கொண்டிருக்கிற யாராவது நிமிடத்தில் கொத்திக்கொள்வார்கள். இதெல்லாம் முகாம்காரர்களுக்கு மனப்பாடம். அதனால் அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வழியில் யாருக்காவது வண்டி மக்கர் செய்தால், முன்பே வந்து சேர்ந்தவர்கள் அவர்கள் இடத்தில் ஒரு சின்ன டென்ட்டை அடித்து வைத்துவிடுவார்கள். டென்ட் நின்றால் ஆள் வந்த கணக்கு. முன்பின் தெரியாதவர்களுக்குக்கூடச் செய்வார்கள். எய்னோ அதற்கென்றே ஒரு பழைய டென்ட்டை டிரெய்லரின் அடியில் வைத்திருந்தார். மெர்லுக்கே ஒருமுறை அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அன்று காலை பதினெட்டாம் எண்ணின் நெருப்புக் குழியில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தபோது ஹில்மாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். ஒரு மெசேஜ்.

"ஹில்மா, நான் மெர்ல். நீதான் இந்த வருஷம் பொறுப்பாளர்னு கேள்விப்பட்டேன். நேத்து வழில டிரெய்லர் சக்கரத்துல பேரிங் போச்சு. மெக்கானிக் சாயந்திரம் ஆகும்ங்கிறான். பூங்கா ஆபீஸ்ல யாரும் போனை எடுக்கல. நம்ம இடத்துல எய்னோவோட டென்ட்டை அடிச்சு வச்சுடறியா? ஆர்டித் ஏரியைப் பாக்கணும்னு துடிக்கிறா."

நம்ம இடம். எய்னோவின் டென்ட். ஹில்மா அதை இரண்டு முறை படித்தாள். சாம்பல் வாளியின் விளிம்பில் உட்கார்ந்து மூன்றாம் முறையும் படித்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு பத்தொன்பதாம் எண்ணுக்கு நகர்ந்தாள்.

மூன்று மணி ஆனதும், பூங்காக் காவலர் ஷெல்பி தன் வண்டியை ஹில்மாவின் டிரெய்லர் அருகே நிறுத்தினாள். இருபத்தைந்து வயதுப் பெண். தொப்பி அளவு பெரிதாகி எப்போதும் காதுவரை இறங்கியிருக்கும்.

"அம்மா, நாப்பத்தொண்ணு இன்னும் காலியாத்தான் கிடக்கு. அவங்ககிட்டேருந்து ஏதாவது தகவல் வந்துச்சா? எங்க ஆபீஸ் போன் காலைலேருந்து செத்துக் கிடக்கு."

"எனக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் ஹில்மா.

எத்தனை எளிதாக வந்தது. ஐம்பது வருடங்களாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த வாய்.

"பாவம், எங்க மாட்டிக்கிட்டாங்களோ," என்றாள் ஷெல்பி. "இன்னும் கொஞ்ச நேரம் வேணா விட்டுப் பாக்கட்டுமா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அதுவும் சரிதான்." ஷெல்பி வண்டியிலிருந்த கம்ப்யூட்டரில் இடத்தைத் திறந்துவிட்டாள். அவள் வண்டியைத் திருப்புவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் இளம் ஜோடி வந்து நாற்பத்தொன்றில் ஆரஞ்சு நிற டென்ட் அடித்து, ஏரியைப் பார்த்துக் கூவியது. ஹில்மா அவர்களுக்கு விறகுக் கட்டு ஒன்றை இலவசமாகவே கொடுத்தாள். அவ்வளவு நல்ல மனநிலையில் இருந்தாள்.

மெர்லின் டிரக் வாசலில் நுழைந்தபோது சாயந்திர வெயில் பைன் மரங்களின் நடுவில் இருந்தது. எல்லா இடத்திலும் கரி மூட்டி இறைச்சி வாட்டுகிற நேரம். ஷெல்பிதான் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். ஹில்மா பத்தடி தள்ளி நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். இதற்குத்தானே காத்திருந்தாள். ஆனால் முகத்தில் எதிர்பார்த்தது இல்லை. கத்தவில்லை, சட்டம் பேசவில்லை. மூன்று வருடத்தில் அவன் நிறைய மெலிந்திருந்தான். ஷெல்பியைத் தாண்டி ஒருமுறை ஹில்மாவைப் பார்த்தான். பிறகு, "வேற ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் சார். ஏழு. கழிப்பறைக்குப் பக்கத்துல. ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்லமாட்டேன்."

"ஏழு," என்றான் மெர்ல். தலையை ஆட்டினான். "பரவால்ல. குடுங்க."

ஆர்டித் டிரக்கிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக ஹில்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"போன குளிர்காலத்துல மூளைல அடைப்பு," என்றான் மெர்ல், யாரிடம் என்று இல்லாமல். "நடக்கிறா, பேசறா. வருஷம்தான் குழம்பிப் போகுது."

ஹில்மா அதைக் கேட்டாள். கேட்டதை உள்ளே விடவில்லை. எய்னோவுக்கு வந்தபோது யார் உள்ளே விட்டார்கள்?

முகாம்களில் சாயந்திரப் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. புதிதாக வருகிறவர் டிரெய்லரைப் பின்னோக்கி இடத்துக்குள் தள்ளுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. டிரக் இடப்பக்கம் திரும்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. யாராவது பின்னால் நின்று கை காட்ட வேண்டும். பெரும்பாலும் மனைவிதான். எத்தனையோ நல்ல குடும்பங்கள் அந்தக் கால் மணி நேரத்தில் உடையும் நிலைக்கு வந்து மீண்டிருக்கின்றன. ஹில்மா எய்னோவுக்குக் கை காட்டினால் ஒரே வீச்சில் போய் நிற்கும். அதைப் பார்க்கவே எதிர் வரிசையில் ஆட்கள் உட்காருவார்கள். ஆர்டித்தும் மோசமில்லை.

ஏழாம் எண் எதிரே பெல்லான்ஜர் என்ற ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி பீர் டப்பாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார். ஹில்மாவும் அருகே ஒரு நாற்காலியை விரித்துக்கொண்டாள்.

மெர்ல் பின்னோக்கி வந்தான். டிரெய்லர் பாதையின் குறுக்கே மடங்கி நின்றது. முன்னே போனான், மறுபடி வந்தான். இறங்கிப் பின்னால் ஓடிப் பார்த்தான், திரும்ப ஏறினான். டிரெய்லர் இந்த முறை விளக்குக் கம்பத்தை நோக்கிப் போனது.

"ஏம்மா ஹில்மா," என்றார் பெல்லான்ஜர், "இவர் நிறுத்தறதுக்குள்ள ஏரி உறைஞ்சுடும் போல. டிரக்குல பின்னாடி பாக்கிற கேமராகூட இருக்கே, அது என்ன படம் காட்டுது?"

"டிரெய்லர் மூஞ்சியைக் காட்டும்," என்றாள் ஹில்மா.

"நான் வேணா போய் நிக்கட்டுமா? பாவம், அந்தம்மாவுக்கு முடியல போலிருக்கு." அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

அப்போதுதான் ஹில்மாவின் கண் மேலே போனது. ஏழாம் எண்ணின் உள்பக்கத்தில் ஒரு கருவாலி மரம். அதன் கிளை ஒன்று, ஒரு மனிதத் தொடை கனத்தில், இடத்தின் வலப்பாதிக்கு மேலே நீண்டிருந்தது. வசந்தத்துப் புயலில் முறிந்து தாழ்ந்தது. ரம்பத்தோடு ஆட்கள் வருவார்கள் என்று ஷெல்பி சொல்லிக்கொண்டே இருந்தாள். சிறிய டிரெய்லர்கள் அடியில் போய்விடும். மெர்லுடையது உயரமானது. கூரையில் ஏ.சி. பெட்டி வேறு புடைத்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் சேர்த்து வந்தால் கிளை அந்தப் பெட்டியைப் பெயர்த்துக் கூரையைச் சாப்பாட்டு டப்பா மாதிரி திறந்துவிடும். விடுமுறை அங்கேயே முடிந்துவிடும். கிளையைப் பார்க்கவில்லை என்று சொன்னால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வயதானவள், உதவத்தானே போனாள்.

"நீங்க உக்காருங்க," என்றாள் ஹில்மா. "நான் போறேன்."

அவள் போய் ஏழாம் எண்ணின் ஆழத்தில், டிரக்கின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்றாள். மெர்லின் முகம் கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டிரக் மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது.

வலது கையை நீட்டினாள். டிரெய்லர் வலப்பக்கம் சாய்ந்து, கீழ்ப்படிந்து வந்தது. இரண்டு கைகளாலும் தன்னை நோக்கி விசிறினாள்: வா, வா, இன்னும் இடம் இருக்கிறது. அவன் அவள் கைகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒரு பொம்மையின் கயிறு போல அந்தப் பெரிய வண்டி முழுவதும் அவள் விரல்களில் இருந்தது. வா. எய்னோ இங்கேதான் படுத்திருந்தார். வா. இங்கே படுத்துக்கொண்டு, மெர்ல் கெட்டவன் இல்லை, அதை விட்டுவிடு என்று சொன்னார். நான் விடவில்லை. வா.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஆர்டித் டிரக்கிலிருந்து இறங்கி, ஒரு காலைச் சற்று இழுத்தபடி நடந்துவந்து ஹில்மாவின் அருகில் நின்றாள். பழக்கம் காலில் இருந்தது, மறக்கவில்லை. டிரெய்லர் பின்னால் போகும்போது தான் நிற்கவேண்டிய இடம் அது. ஆனால் என்ன காட்டுவது என்பது போய்விட்டிருந்தது. அவள் ஹில்மாவின் கைகளைப் பார்த்தாள். பார்த்து, தன் கைகளைத் தூக்கினாள். நல்ல கை வேகமாகவும் முடியாத கை மெதுவாகவும் அதேபோல் விசிறின. வா, வா.

"சரியாப் பண்றேனா ஹில்மா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் பாதி மலர்ந்திருந்தது. கண்ணாடியில் மெர்ல் அதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சின்ன முகமும் மலர்ந்தது. மனைவி மறுபடி தனக்குக் கை காட்டுகிறாள். ஏ.சி. பெட்டிக்கும் கிளைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. ஆர்டித் தன் வீட்டின் கூரையைத் தானே இரண்டு கைகளாலும் அழைத்துக்கொண்டிருந்தாள், ஹில்மாவைப் பார்த்துப் பார்த்து.

ஹில்மா முஷ்டியை மடக்கி உயர்த்தினாள்.

பக்கத்தில் ஆர்டித்தின் முஷ்டியும் உயர்ந்தது. டிரெய்லர் நின்றது.

அதன் பிறகு வேலைதான். முன்னே போ என்று காட்டினாள். இடது கையை நீட்டினாள், ஆர்டித்தும் நீட்டினாள். டிரெய்லரை இடப்பாதிக்கு இழுத்து, நேராக்கி, கிளைக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதிரே பெல்லான்ஜர் பீர் டப்பாவை உயர்த்தி, "ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் குடுக்கலாம்," என்று சத்தமாகச் சொன்னார். ஆர்டித் அவருக்கு இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தாள்.

மெர்ல் இறங்கி வந்தான். டிரெய்லரின் சக்கரத்துக்கு முட்டு வைக்கக் குனிந்தவன் நிமிரும்போது மேலே பார்த்தான். கிளையைப் பார்த்தான். தரையில் சக்கரத் தடம் வலப்பக்கம் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்தான்.

ஹில்மா அவன் அருகே போனாள். "உன் மெசேஜ் எனக்கு வந்துச்சு மெர்ல்," என்றாள்.

"தெரியும். நீ படிச்சுட்டேன்னு போன்ல காட்டிச்சு."

"காலைலயே தெரியுமா?"

"காலைலயே."

"அப்புறம் எதை நம்பி என் கையைப் பாத்துப் பின்னாடி வந்தே?"

அவன் முட்டுக் கட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எய்னோவுக்கு நீ கை காட்டறதை எத்தனை வருஷம் பாத்திருக்கேன். அந்த நேரத்துல உனக்குத் தப்பாக் காட்ட வராதுன்னு நெனச்சேன்."

"வந்துச்சு. கொஞ்ச நேரம் நல்லாவே வந்துச்சு."

"ம்." அவன் மறுபடி கிளையைப் பார்த்தான். "கிளைல மோதியிருந்தாலும் ஏன்னு உன்னைக் கேட்டிருக்கமாட்டேன். அந்த வருஷம் எனக்கு எந்தக் காரணமும் இல்ல ஹில்மா. உன் கார்டைப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் பதிஞ்சேன். அந்த இடம் வேணும்னு இருபது வருஷமா ஆசை. ஒரு வருஷம் எனக்குக் கிடைச்சா என்னன்னு தோணிச்சு. எய்னோ சிரிச்சான் பாரு, அப்பவே டிரெய்லரை மாத்திக்கலாம்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. மறுநாள் சொல்லலாம்னு நெனச்சேன். ஏழு நாளும் மறுநாள்னே போச்சு."

பரவாயில்லை என்று ஹில்மாவால் சொல்ல முடியவில்லை, அது பரவாயில்லை என்று ஆகிவிடவும் இல்லை. ஆனால் மூன்று வருடமாக இவனைப் பற்றி மனதுக்குள் பேசிய பேச்சில், இவன் இப்படிக் கட்டையைத் திருப்பிக்கொண்டு நின்றதே கிடையாது. அங்கே எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஷெல்பிகிட்ட நான் பொய் சொன்னேன்," என்றாள். "காலைல போய்ச் சொல்லிடறேன். இடம் திரும்பக் கிடைக்காது. அந்தச் சின்னஞ்சிறுசுங்களை எழுப்ப முடியாது."

"எழுப்பாதே. இருக்கட்டும்."

"டிரெய்லர் முன்பக்கம் தாழ்ந்திருக்கு. பலகை வச்சு ஏத்து. ராத்திரி கட்டில்லேருந்து உருண்டு விழுந்தீங்கன்னா அதுக்கும் நான்தான் காரணம்னு ஆயிடும்."

மெர்ல் பலகை தேடப் போனான். ஆர்டித் கழிப்பறைக் கட்டடத்தையும் குப்பைத் தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கேயோ எதையோ தவறவிட்டவளைப் போல அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"ஏரி எங்கே?" என்றாள்.

"இருக்கு. வா, காட்டறேன்."

ஹில்மா அவள் முடியாத கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மெதுவாக, கரி வாசனையும் பிள்ளைகளின் சைக்கிள்களும் நிறைந்த பாதையில் நடந்தார்கள். கடைசி வளைவுக்குப் போகவில்லை. படகுத் துறைக்குப் பக்கத்தில் மணல் கொஞ்சம் இருந்தது, அங்கே போனார்கள். ஹில்மா குனிந்து ஆர்டித்தின் காலணிகளைக் கழற்றிவிட்டாள், முதலில் முடியாத காலை. தண்ணீர் ஜில்லென்று கணுக்காலைத் தொட்டதும் ஆர்டித் பெருமூச்சு விட்டாள். ஏரியின் நடுவே ஒரு வாத்து தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போனது.

கொஞ்ச நேரம் கழித்து ஆர்டித் அவள் தோளைத் தொட்டாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"எய்னோவுக்கு எப்படி இருக்கு? அந்த ஜன்னல் இடத்தை அவருக்கே விட்டுடுங்கன்னு மெர்ல்கிட்ட அழுதேன் ஹில்மா. நல்லாக் கோச்சுக்கிட்டேன். விட்டாரா?"

ஹில்மா தண்ணீரைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சொன்ன முதல் பொய் நாவில் வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதுக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

"விட்டுட்டாரு," என்றாள். "எய்னோ தினமும் காலைல பாக்கிறாரு."

"அப்பாடா," என்றாள் ஆர்டித். கால்விரல்களால் மணலைக் கிளறிக்கொண்டு, நிம்மதியாக ஏரியைப் பார்க்கத் தொடங்கினாள்.